ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்த சாம்பிள்

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைப் பேத்தி பிரித்ததும் கூடமெங்கும் ஒரு புளிப்பு வாசனை பரவியது. உள்ளே சிவப்பு மூடி போட்ட டப்பா. திறந்தால் எலும்பு வடிவத்தில் சின்னச் சின்ன வில்லைகள். டப்பாவின் மேல் கிரான்பெர்ரிப் பழமும் ஒரு நாயும் படமாக இருந்தன. சோபாவுக்கு அடியில் படுத்திருந்த மோச்சி என்கிற ஷிட்ஸு மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தது.

"தாத்தா, இதைக் கொடுத்தா யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்ப வராதாம். வாக்கிங் வர்ற அக்கா சொன்னாங்க. கொடுக்கலாமா?"

தாத்தா ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனவர், பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஞாபகம் வந்தது வேறு வாசனை. பார்லி வேகும் வாசனையும், அதோடு சேர்ந்து, மேஜையில் வரிசையாக நின்ற பாட்டில்களிலிருந்து கிளம்பும் அமோனியா நெடியும்.

1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி வளாகத்தில் அவர் படித்தபோது, பாடம் பெரும்பாலும் மாட்டைச் சுற்றியே இருந்தது. ஊர்மக்கள் வாயில் அந்தத் தொழிலுக்குப் பெயரே 'மாட்டு டாக்டர்'தான். நாய்க்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம். ஆனாலும் ஒரு பேராசிரியர் சிறுநீர் விஷயத்தில் மட்டும் விடமாட்டார். கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வார். நிறம் என்ன, கலங்கல் உண்டா, நெடி எப்படி, லிட்மஸ் தாள் எந்தப் பக்கம் போகிறது என்று நாலையும் சொன்ன பிறகுதான் மருந்தின் பெயரை வாயில் எடுக்கலாம். முந்திக்கொண்டு மருந்து சொன்ன மாணவன் அன்று முழுக்க நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டியதுதான்.

பெட்டை நாய்க்கு மூத்திரக்குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கிருமி எளிதாக மேலேறிவிடும், அதனால் இந்த நோய் அதற்கே அதிகம் என்பதெல்லாம் அங்கே படித்தது. மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலும் காரணம். அடிக்கடி உட்காரும், சொட்டுச் சொட்டாக விடும், முக்கும், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், பழகிய நாய்கூட வீட்டுக்குள்ளேயே போய்விடும். சில சமயம் ரத்தம் கலந்து வரும். ஊரில் இதற்கு 'நீர்க்கடுப்பு' என்று பெயர்.

அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆளை அவர் இன்னும் மறக்கவில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் முதல் வேலை. ஓட்டுக் கட்டடம், வாசலில் வேப்பமரம், மாடு கட்டும் இரும்புச் சட்டம். மாட்டாஸ்பத்திரி என்றால் ஊருக்கே தெரியும். ஒருநாள் காலையில் ஒரு விவசாயி சிப்பிப்பாறை நாயைச் சணல் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்.

"நீர்க்கடுப்புங்கய்யா. நாலு நாளா நெருஞ்சிக் கஷாயம் ஊத்துறேன். பார்லியும் காய்ச்சிக் குடுத்துப் பாத்தாச்சு. செக்கச் செவேல்னு போகுது."

டாக்டர் நாயை வேப்பமரத்தடிக்கு நடத்திப் போகச் சொன்னார். நாய் காலைத் தூக்கியது. தாராளமாக, தடையில்லாமல், ஒரே வீச்சாகப் போனது. நிறம் மட்டும் கடுங்காப்பி கலந்த சிவப்பு. கடுப்பு உள்ள நாய் அப்படிப் போகாது. அவர் குனிந்து நாயின் காதை மடக்கிப் பார்த்தார். மடலின் உள்பக்கம் முழுக்க உண்ணி. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்துக் கிடந்தது. உண்ணி கடித்து ஏற்றிய பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, அதன் சாயம் சிறுநீரில் இறங்கிக்கொண்டிருந்தது. மூத்திரப்பையில் ஒரு கோளாறும் இல்லை. டிமினசீன் ஊசி போட்டார். நாய் பிழைத்தது. அடுத்த அறுவடைக்கு ஒரு பை நிலக்கடலை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

நெருஞ்சிலையும் பார்லியையும் அவர் கேலி செய்பவர் அல்ல. அவர் அம்மாவே வெயில் காலத்தில் வீட்டுக்கெல்லாம் பார்லிக் கஞ்சி காய்ச்சியவர்தான். பார்லித் தண்ணீர் குடித்த நாய்க்கு உடம்பில் தண்ணீர் சேரும், சிறுநீர் நீர்த்துப் போகும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதெல்லாம் சரி. ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்கு நாலு நாள் பார்லி காய்ச்சினால் அந்த நாலு நாளும் நோய்க்குத்தான் லாபம்.

பிறகு சென்னைக்கு மாற்றல். மாலையில் புரசைவாக்கம் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கிலும் உட்கார்ந்தார். வெள்ளைப் புசுபுசு நாய் வீட்டுக்கு வீடு வந்த காலம் அது. எல்லாரும் 'பொமரேனியன்' என்று அழைத்தாலும் அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த ஓர் இந்திப் படத்தில் கல்யாண வீடு முழுக்க ஓடியாடிய நாய் அந்த இனம்தான். படம் ஓடிய கையோடு கிளினிக்கிலும் கூட்டம் கூடியது.

சாம்பிள் கொண்டுவரச் சொன்னால் எதில் கொண்டுவருவார்கள்? ஹார்லிக்ஸ் பாட்டில், இருமல் டானிக் பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஒரு முறை நெல்லிக்காய்த் தைல பாட்டில். எண்ணெய் மிதக்கும் சாம்பிளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வானத்து நட்சத்திரமெல்லாம் தெரியும், கிருமி தெரியாது.

ஒரு அம்மா கொண்டுவந்த சாம்பிளைப் பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கியதும் செங்கல் நிறம் வந்துவிட்டது. சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கிறது என்று அர்த்தம். கம்பவுண்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஐயையோ, இவளுக்கும் சுகரா? எங்க வீட்டுக்காரருக்குத்தான் ஏற்கெனவே இருக்கே சார்!" அந்த அம்மா நாற்காலியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாட்டில்ல இதுக்கு முன்னாடி என்னம்மா இருந்தது?"

"தேன் சார். நல்லா அலசிட்டுத்தான் புடிச்சேன்."

மறுநாள் சுடுதண்ணீரில் கொதிக்கவைத்த கிண்ணத்தில் பிடித்து வந்தார். சர்க்கரை இல்லை, கிருமிதான் இருந்தது. அதன் பிறகு கிளினிக்கில் ஒரு முறை வழக்கத்துக்கு வந்தது. குழம்புக் கரண்டியை ஒரு குச்சியில் கட்டிக்கொள்ள வேண்டும். நாய் உட்கார்ந்து முதலில் கொஞ்சம் போனதும் கரண்டியை மெதுவாகப் பின்பக்கமாக நீட்ட வேண்டும். விடிகாலையில் புரசைவாக்கத்துச் சந்துகளில் கரண்டியும் கையுமாக நாய்க்குப் பின்னால் பம்மிப் பம்மி நடந்த பெரிய மனிதர்கள் சிலர் உண்டு. இப்போது அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது. ஸ்கேனில் பார்த்தபடி வயிற்று வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி மூத்திரப்பையிலிருந்தே நேராக எடுத்துவிடுகிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அதுதான் உத்தமம்.

அந்தக் காலத்து இன்னொரு வழக்கத்தை நினைத்தால் அவருக்கு இப்போதும் கோபம் வரும். மருந்துக்கடையில் 'நாய்க்கு மூத்திரக் கடுப்பு' என்று சொன்னால் மனிதர்களுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்பு சிரப் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துக் காரமாக்கும் மருந்து அது. மனிதருக்கு எரிச்சல் அடங்கும். நாய்க்கு வரும் சில தொற்றுகளிலோ சிறுநீர் காரமாவதுதான் சிக்கலே. ஸ்டாஃபிலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கும். சிறுநீர் காரமாகி, மக்னீசியமும் அமோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து 'ஸ்ட்ரூவைட்' என்ற கல்லாக உறையும். கிருமி செய்கிற வேலைக்கு சிரப்பும் ஒரு கை கொடுக்கும். வாரக்கணக்கில் அந்த சிரப்பைக் குடித்த ஒரு பொமரேனியனை எக்ஸ்ரே எடுத்தபோது மூத்திரப்பைக்குள் வெள்ளை வெளேரென்று கற்கள் குவிந்து கிடந்தன. கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெரியது கொண்டைக்கடலை அளவு.

அதே காலத்தில் கத்தியில்லாமல் அந்தக் கல்லைக் கரைக்கும் வித்தையைப் பற்றிக் கல்லூரி நூலகத்தின் சஞ்சிகைகளில் அவர் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் 1981-ல் சிறுநீர்க் கற்களை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் தொடங்கியிருந்தார். புரதம், மக்னீசியம், பாஸ்பரஸ் மூன்றையும் குறைத்து, நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும்படி உப்பைக் கூட்டி, சிறுநீரை லேசாக அமிலமாக்கும் உணவு. கூடவே கல் முழுக்கக் கரையும்வரை ஆன்டிபயாடிக். கல்லின் அடுக்குகளுக்குள் கிருமி ஒளிந்திருப்பதால் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது.

நோய்க்கென்று நாய்க்குச் சோறு தயாரிப்பது அதற்கும் முந்தைய கதை. பார்வையற்ற மாரிஸ் ஃபிராங்குக்கு வழிகாட்டியாக இருந்த பட்டி என்ற நாய்க்குச் சிறுநீரகம் பழுதானபோது, மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவர் 1930களின் இறுதியில் அதற்கென்று ஓர் உணவை உருவாக்கினார். கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் கொடுத்துவந்தது 1948-ல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில் தகர டின்களாக வெளிவந்தது. டாக்டர் இதைப் படித்தபோது சென்னையில் அந்த டின்னைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. இப்போது செல்போனில் தட்டினால் சாயங்காலம் வாசலுக்கு வருகிறது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கரைக்கும் உணவு ஸ்ட்ரூவைட் கல்லுக்குத்தான். கால்சியம் ஆக்சலேட் கல் எந்த உணவுக்கும் கரையாது. எந்தக் கல் என்று தெரியாமல் டின்னை வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

கல்லுக்குக் கல் குணம் வேறு என்பதை ஊருக்குக் காட்டியது டால்மேஷன். புள்ளி நாய்களை வைத்து 1996-ல் வந்த ஆங்கிலப் படத்துக்குப் பிறகு சென்னையிலும் ஆசை ஆசையாக வாங்கினார்கள். அந்த இனத்துக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு. மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை அலன்டாயினாக மாற்றி எளிதாக வெளியேற்றும். டால்மேஷனால் அது சரிவர முடியாது, யூரேட் கல் உருவாகும். இறைச்சிக் கடையிலிருந்து தினமும் ஈரல் வாங்கிப் போட்ட ஒருவர் தன் நாயைக் கூட்டி வந்தார். "ஈரல் போட்டா ரத்தம் ஊறும்னு சொன்னாங்க சார்" என்றார். ஈரலில் பியூரின் அதிகம், யூரிக் அமிலம் அதிலிருந்துதான் வருகிறது. ஆண் நாய் வேறு. குறிக்குள் எலும்பு இருப்பதால் அந்த இடத்தில் மூத்திரக்குழாய் விரிந்துகொடுக்காது, சின்னக் கல்லும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்பவர் 1973-ல் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் இன நாயோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக மறுபடி டால்மேஷனோடே சேர்த்து, புள்ளி மாறாமல் கோளாறை மட்டும் நீக்கிக் காட்டினார். இங்கே செய்ய முடிந்தது ஈரலை நிறுத்துவதும் தண்ணீரைக் கூட்டுவதும்தான்.

"தாத்தா, நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். கிரான்பெர்ரி சிறுநீரை அமிலமாக்கிக் கிருமியைக் கொல்லும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். விஷயம் அதுவல்ல. அதிலுள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், ஈ.கோலை மூத்திரப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் தடுக்கிறது. ஒட்ட முடியாத கிருமி சிறுநீரோடு வெளியே போய்விடும். ஆய்வுக்கூடத்தில் நாயின் சிறுநீரகச் செல்களை வைத்துப் பார்த்தபோது இது நடந்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில், தொற்று திரும்பத் திரும்ப வந்த சில நாய்களுக்கும் பலன் தெரிந்தது. ஆனால் முதுகெலும்பு வட்டு நழுவிய நாய்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கிரான்பெர்ரி கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் இல்லை. டி-மன்னோஸ் என்ற சர்க்கரையின் கதையும் இப்படித்தான். ஈ.கோலையின் இழைகள் செல்லைப் பிடிப்பதற்குப் பதில் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம் நல்ல எண்ணம், நாய்களில் திடமான சான்று மட்டும் இல்லை. தொற்று ஈ.கோலையால் வந்ததாக இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

"கொடுத்தா கெடுதல் பெரிசா இல்லம்மா. ஆனா இதுதான் மருந்துன்னு நெனச்சு உக்காந்துடாத. சேர்மானத்துல சைலிட்டால்ங்கற இனிப்பு, திராட்சை இல்லாமப் பாத்துக்கோ. வைட்டமின் சி சேத்திருந்தா இவளுக்கு வேண்டாம்."

நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மிஞ்சியது ஆக்சலேட்டாக மாறி வெளியேறும். ஷிட்ஸுவோ ஆக்சலேட் கல் வரக்கூடிய இனம். பசலைக்கீரையை வேகவைத்துத் தினமும் போடுவதும் அந்த இனத்துக்கு ஆகாது.

பேச்சு அடுத்துச் சமையலறைப் பக்கம் போனது. பேத்தியின் மாமியார் மோச்சிக்கு ரசம் சாதம் பிசைந்து வைப்பவர். அவர் ஊரில் வளர்ந்த நாய்களெல்லாம் ரசம் சாதம் தின்றுதான் வளர்ந்தன. ரசத்தின் சிக்கலைச் சொல்லத் திராட்சையிலிருந்து தொடங்க வேண்டும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது வெகு காலமாகத் தெரிந்திருந்தும் ஏன் என்பது பிடிபடாமலே இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்க விஷமுறிவு மையத்தின் கால்நடை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்கள். புளியிலும் அதே அமிலம். வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பது பழைய செய்தி. ஆக, ரசமும் சாம்பாரும் மனிதர்களோடு நிற்கட்டும் என்று டாக்டர் சம்பந்தியம்மாளிடம் பக்குவமாகச் சொன்னார். "அப்போ தயிர் சாதம்?" என்றார் அவர். தயிர் சாதம் மட்டுமே தின்றால் சத்து போதாது, எப்போதாவது கொஞ்சம் என்றால் பாதகமில்லை.

பழைய சோற்று வட்டிலில் ஒரு நன்மை இருந்ததை டாக்டர் ஒப்புக்கொள்வார். கஞ்சியும் மோருமாகக் குழைத்து ஊற்றிய சோற்றில் பாதிக்குமேல் தண்ணீர். நாயும் முற்றத்திலோ வாசலிலோ கிடக்கும், முட்டினால் எழுந்து போகும். இன்றைய உலர் தீனியில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தின்றுவிட்டு பதினான்காவது மாடியில் இருக்கும் நாய், காலையில் லிஃப்ட்டில் இறங்கினால் அடுத்தது இரவுதான். மணிக்கணக்காக அடக்கிய சிறுநீர் கிருமிக்கு வசதி. சிறுநீர் அடிக்கடி போனாலே கிருமியில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும்.

நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும், சோற்றிலிருக்கும் நீரையும் சேர்த்து. ஆறு கிலோ மோச்சிக்கு 300 மில்லிக்குக் குறையக் கூடாது. உலர் தீனியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது, உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வைப்பது, மத்தியானம் ஒருமுறை கீழே கூட்டிப் போவது. அவர் எழுதிக் கொடுத்த 'சப்ளிமென்ட்' இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். மோச்சிக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவை தொற்று வந்திருந்தது. 2019-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்படி அது 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' கணக்கில் சேரும். அப்படியானால் காரணத்தைத் தேட வேண்டும். ஸ்கேனில் கல் இல்லை. மோச்சியைப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பிஸ்கட்டும் சீஸும் தின்று பருத்ததில் பிறப்புறுப்பைச் சுற்றித் தோல் மடிந்து, மடிப்புக்குள் ஈரமும் அழுக்கும் தங்கி, தோல் சிவந்து கிடந்தது. மடிப்பைத் துடைத்து உலர்த்துவதும் எடையைக் குறைப்பதும்தான் அங்கே உணவு வைத்தியம்.

மாத்திரை விஷயத்திலும் காலம் மாறியிருக்கிறது. டாக்டர் வேலை பார்த்த நாளில் பத்து நாள், பதினாலு நாள் என்று ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். அதே வழிகாட்டுதல், எப்போதாவது வரும் சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாளே போதும் என்கிறது. மாறாதது ஒன்று உண்டு. நாய் ஓடியாட ஆரம்பித்ததும் பாதியில் நிறுத்தி, மிச்ச மாத்திரையை மேஜை இழுப்பறையில் போட்டுவைத்து, அடுத்த தடவை டாக்டரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற பழக்கம். பிறகு கல்ச்சர் செய்து பார்த்தால் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி வளர்ந்து நிற்கும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த டாக்டர் சொல்லச் சொன்னது இது. அறிகுறி தெரிந்ததும் மருந்துக்கடையில் மூடி போட்ட சுத்தமான பரிசோதனை டப்பா ஒன்றை வாங்கி, காலையில் முதலில் போகும் சிறுநீரைப் பிடித்து, அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள். வில்லை, பொடி, கஷாயம் எதுவானாலும் முடிவு வந்த பிறகு உங்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். நாய் முக்கிக்கொண்டே நிற்கிறது, ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால், அதுவும் ஆண் நாயாக இருந்தால், சாம்பிளுக்கோ விடியலுக்கோ காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.